முறிகண்டியில் நின்ற மொரிஸ் மைனர்

ஒட்டுசுட்டான் வாசகர் ஒருவரின் கேள்வி:

எங்களிடம் அப்பா வாடகைக்கு ஓடிய 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருக்கின்றது. 1098 சி.சி. எஞ்சின், எஸ்.யூ. காபரேற்றர். எரிபொருள் தடைக் காலத்தில் அப்பா அதை மண்ணெண்ணெயில் ஓடினார். சமாதான காலத்தில் வவுனியாவில் உறவினர் வீட்டு வளவில் கொண்டுபோய் விட்டிருந்தபடியால் கார் தப்பியது. இப்போது திருத்தி, கலியாண வீடுகளுக்குக் கொடுக்கிறோம். காலையில் சொக் இழுத்தால் உடனே ஸ்ராட் ஆகின்றது. ஆனால் மாங்குளம் சந்தியில் பிறேக் பிடித்து நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடுகின்றது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தால் ஸ்ராட் ஆவதில்லை; அரை மணித்தியாலம் காத்திருந்தால் ஒன்றும் நடவாததுபோல ஸ்ராட் ஆகின்றது. சில வேளைகளில் ஏ-9 வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுத்து இழுத்து நின்றும்விடுகின்றது. மெக்கானிக் மூன்று தரம் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, புதிய கிற்றும் போட்டார். இனி இதை எறிந்துவிட்டு யப்பான் காபரேற்றர் ஒன்றைப் பொருத்தலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யப்பான் காபரேற்றர் வேண்டாம்; இப்போதைக்கு உங்கள் காரில் இருக்கும் காபரேற்றரையும், அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகத்தையும், இன்னொரு தரம் யாரும் கழற்ற வேண்டாம். மூன்று தரம் கழுவியும், கிற் மாற்றியும், குறை இம்மியும் குறையாமல் அப்படியே இருக்கின்றது என்றால், அந்தக் குறையின் பெரும் பகுதி காபரேற்றருக்கு வெளியே இருக்கின்றது என்பதுதான் அதன் பொருள். உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தால் அதில் ஒரு நோய் அல்ல, மூன்று நோய்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. சந்தியில் நிறுத்தும்போது அணைவது ஒன்று; சூட்டோடு நிறுத்தி வைத்த பின் ஸ்ராட் ஆகாமல் அடம்பிடிப்பது இன்னொன்று; ஓட்டத்திலேயே இழுத்து நிற்பது மூன்றாவது. இவை மூன்றுக்கும் ஒரே மருந்தைத் தேடியதால்தான் உங்கள் மெக்கானிக்குக்கு வழி தெரியாமல் போயிருக்கின்றது. மூன்றில் முதலாவது மட்டுமே காபரேற்றருக்குரிய நோய்.

நீங்கள் எழுதிய விவரங்களில் எனக்கு மிகவும் உதவியது "இழுத்து இழுத்து" என்ற சொற்கள். ஓட்டத்தில் எஞ்சின் நிற்கும் விதம் இரண்டு. வெட்டினாற்போல, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும்: பிளக்குக்குப் பொறி கிடைக்கச் செய்யும் கொயில், கொண்டென்சர், பொயின்ற், திறப்புச் சுவிச்சிலிருந்து வரும் வயர் ஆகியவற்றில் ஒன்று. முதலில் வலு குறைந்து, ஓரிரு தரம் உலுப்பி, அக்சிலேற்றரை மிதித்தாலும் ஏறாமல், மெல்ல மெல்ல அடங்கினால் பெற்றோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் இந்த ஒன்றைக் கவனித்துச் சொல்லும் உரிமையாளர் மெக்கானிக்கின் வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

ஆகவே பெற்றோலின் பாதையைப் பின்னாலிருந்து முன்னாகப் பார்ப்போம். மொரிஸ் மைனரில் தாங்கி பின்புறம், சாமான் பெட்டிக்குக் கீழே இருக்கின்றது. அதிலிருந்து எண்ணெயை இழுக்கும் மின்சார எஸ்.யூ. பம், போனற்றுக்குள்ளே, எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டில் பொருத்தப்பட்டிருக்கின்றது. இந்தப் பம் வாய் பேசும் பம். திறப்பைத் திருப்பியவுடன் டிக் டிக் என்று சில தரம் அடித்து, மிதவை அறை (காபரேற்றரோடு சேர்ந்த சிறு பெற்றோல் கிண்ணம்) நிரம்பியதும் தானாக நிற்க வேண்டும். அடிக்கவே இல்லை என்றால் பம்மின் தொடுமுனைகள் கரிந்திருக்கலாம், அல்லது அதற்கு மின் வராமல் இருக்கலாம். ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் அது எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுக்கின்றது: தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது பின்னாலிருந்து வரும் குழாயின் பொருத்து ஒன்று இளகியிருக்கின்றது. எஞ்சின் ஓடாதபோதும் சில விநாடிகளுக்கு ஒரு தரம் சோம்பலாக அடித்தால், பம்மின் உள் வால்வு ஒழுகுகின்றது, இல்லையேல் மிதவை அறையின் ஊசி வால்வு மூடவில்லை. நடுவழியில் கார் நின்றதும் முதலில் செய்ய வேண்டியது, போனற்றைத் திறப்பதற்கு முன், திறப்பை ஒரு தரம் நிறுத்தி மீண்டும் திருப்பி, இந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதுதான். வானொலியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கலியாணக் காரில் மாப்பிள்ளைத் தோழன்மாரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அளவு பார்ப்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில், அருகில் நெருப்போ புகைப்பவரோ இல்லாத இடத்தில், மிதவை அறைக்குச் செல்லும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுத் திறப்பைத் திருப்புங்கள். நல்ல நிலையிலுள்ள பம் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய அரை லீற்றர் பெற்றோலைத் தள்ள வேண்டும். தொடக்கத்தில் நன்றாக வந்து, சற்று நேரத்தில் வரவர மெலிந்தால், உடனே தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன் பின் போத்தலில் மீண்டும் வேகமாக ஊற்றினால், உங்கள் மூன்றாவது நோயின் காரணம் கையில் கிடைத்துவிட்டது: தாங்கிக்குக் காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கின்றது. பெற்றோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம் இழுத்தும் எண்ணெய் வராது. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரும் வரை ஒழுங்காக ஓடி, ஏ-9இல் ஏறிய பின் இழுக்கத் தொடங்குவதற்கு இது மிகப் பொருத்தமான விளக்கம். கடையில் வாங்கிய துளையில்லாத மூடியைத் தாங்கிக்குப் போட்டிருக்கின்றார்களா என்று பாருங்கள். கிரவல் வீதிப் புழுதி அடைத்த பழைய மூடியும் அதே வேலையைத்தான் செய்யும்.

போத்தலில் பிடித்த பெற்றோலைக் கொட்டிவிட வேண்டாம். அதை வெயிலுக்கு எதிரே பிடித்து, சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். ஆண்டுக் கணக்கில் நின்ற காரின் தாங்கியிலிருந்து வரும் எண்ணெயில், போத்தலின் அடியில் மஞ்சளும் சிவப்புமாக மிக நுண்ணிய துருத்தூள் படியும். போத்தலைச் சரித்தால் அந்தத் தூளுக்கு நடுவே கண்ணாடிக் குண்டுமணி போன்று தண்ணீர்த் துளிகள் பெற்றோலோடு கலவாமல் உருண்டு ஓடுவதையும் காணலாம். தண்ணீர், பாதி வெறுமையாக நின்ற தாங்கிக்குள் இரவுக் குளிரில் வியர்த்தும் வந்திருக்கலாம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைக் காலத்தில் பிளாஸ்ரிக் கான்களில் சேர்த்து வைத்த பெற்றோலை ஊற்றியதாலும் வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், இந்தத் தூளும் தண்ணீரும் உள்ளே இருக்கும் வரை காபரேற்றரை எத்தனை தரம் கழுவினாலும் அடுத்த வாரமே அது மீண்டும் அழுக்காகும். தாங்கியை வெளியே இறக்கிக் கழுவத்தான் வேண்டும். கழுவிய பின் தாங்கிக்கும் பம்முக்கும் இடையே, உள்ளே தெரியும் சிறிய பில்ரர் ஒன்றைப் போட்டு, முதல் சில மாதங்கள் அதை அடிக்கடி பார்த்து மாற்றுங்கள். தாங்கியில் ஓட்டை இருந்து ஒட்டவேண்டி வந்தால், பெற்றோல் இருந்த தாங்கியைச் சாதாரண வெல்டிங் கடையில் கொடுக்க வேண்டாம். காலியாகத் தெரியும் தாங்கியில் நிற்கும் ஆவிதான் வெடிக்கின்றது.

இனி முறிகண்டிக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன மண்ணெண்ணெய்க் கதைக்கு இங்கேதான் முக்கியத்துவம் இருக்கின்றது. 1990களின் தடைக் காலத்திலும், 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னரும், வன்னியில் பெற்றோல் கார்கள் எப்படி ஓடின என்பது எங்கள் வயதினருக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் வயதினருக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது. சிறிது பெற்றோலில் எஞ்சினை ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் முடிந்தால் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவார்கள். இதற்காக ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு மாற்றம் செய்யப்பட்டது: போனற்றுக்குள் சிறு கலன் அல்லது போத்தல், இரு வழி அடைப்பான், கூடுதலான குழாய்கள், ஜெற்றில் (காபரேற்றரில் பெற்றோல் வெளிவரும் சிறு துளையில்) திருத்தம். எல்லாவற்றிலும் முக்கியமானது சூடாக்கும் வழி. பெற்றோலில் இலேசான பகுதிகள் 35 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கோ 150 பாகைக்கு அண்மித்த வெப்பம் வேண்டும். ஆகவே மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாக வேண்டுமானால் அதைச் சூடாக்கத்தான் வேண்டியிருந்தது. அதற்காகக் குழாயை மனிபோல்ட்டை (எஞ்சினுக்குள் கலவையும் வெளியே புகையும் போகும் குழாய்த் தொகுதியை) ஒட்டி வளைத்துக் கொண்டுசெல்வதும், காபரேற்றரையும் மனிபோல்ட்டையும் பிரிக்கும் தடித்த காப்புத் துண்டை எடுத்துவிடுவதும் அன்றைக்கு மிகச் சரியான வேலைகளாக இருந்தன. அந்த வேலையைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அதே ஏற்பாடு இன்றைக்கும் உங்கள் காரில் இருக்குமானால், அது பெற்றோலை அவிக்கின்றது.

மைனரின் எஞ்சினில் உட்செல்லும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காபரேற்றர் சூடான புகை மனிபோல்ட்டுக்கு அருகிலேயே அமர்ந்திருக்கின்றது. ஓடும்போது விசிறிக் காற்றும், ஓயாமல் வந்துகொண்டிருக்கும் புதுப் பெற்றோலும் அந்த இடத்தைத் தணித்துவிடும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, அடுத்த பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் போனற்றுக்குள் சூடு குறையாமல் ஏறுகின்றது. நீங்கள் சாமி கும்பிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு வரும் நேரம் மிகச் சரியாக அந்தப் பத்து நிமிடம்தான். அதற்குள் குழாயிலுள்ள பெற்றோல் ஆவியாகி, பம் ஆவியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அல்லது மிதவை அறையிலுள்ளது கொதித்து ஜெற் வழியாக வழிந்து, மனிபோல்ட்டை நனைத்துவிடும். முதலாவதில் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை, இரண்டாவதில் அளவுக்கு மிஞ்சிய எண்ணெய். இரண்டுமே அரை மணித்தியாலம் காத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும்.

எது நடந்தது என்று அந்த இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். பிளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். அது ஈரமாக, பெற்றோல் மணத்தோடு வந்தால் எஞ்சின் நனைந்திருக்கின்றது; சொக்கைத் தொடாமல், அக்சிலேற்றரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்ராட் செய்யுங்கள். மிதித்து மிதித்து விடுவதில் பயனில்லை, எஸ்.யூ.வில் அப்படி எண்ணெயைப் பீச்சும் பம் கிடையாது. பிளக் உலர்ந்து வந்தால் நனைத்த துணியைப் பெற்றோல் பம்மின் மேலும் குழாயின் மேலும் சுற்றிச் சில நிமிடம் விடுங்கள். உடனே ஸ்ராட் ஆனால் ஆவிதான் குற்றவாளி என்று உறுதியாகும். தண்ணீர் மனிபோல்ட்டில் படக்கூடாது என்பதை மறக்க வேண்டாம். அது வார்ப்பிரும்பு, சூட்டில் தண்ணீர் பட்டால் வெடித்துப் பிளக்கக்கூடும். நிரந்தரத் தீர்வு, தடைக் காலத்து ஏற்பாடுகள் முழுவதையும் அகற்றுவதுதான்: பயன்படாத கலன், அடைப்பான், கூடுதல் குழாய் எல்லாவற்றையும் கழற்றி, பெற்றோல் குழாயை மனிபோல்ட்டிலிருந்து விலக்கி, காப்புத் துண்டை இரு பக்கமும் இடைவெளியை அடைக்கும் புதிய கஸ்கற்றுடன் திரும்பப் போடுங்கள். அப்பாவின் நினைவாக அந்தக் கலனை வைத்திருக்க விரும்பினால் வீட்டில் வைத்திருங்கள்.

ஆனால் முறிகண்டியில் பிளக்கைக் கழற்றியதும் இன்னொன்றையும் செய்ய வேண்டும். அதை அதன் வயரிலேயே மாட்டி, உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி, பிளக் துளைக்கும் காபரேற்றருக்கும் எட்டத்தில் வைத்து, ஒருவரை ஸ்ராட் செய்யச் சொல்லிப் பொறியைப் பாருங்கள். தடித்த நீலப் பொறி வந்தால் மின்சாரப் பக்கம் சுத்தம். மெலிந்த மஞ்சள் பொறி வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ, நான் மேலே எழுதியது முழுவதையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கொயிலைத் தொட்டுப் பாருங்கள். சூட்டில் செத்து, குளிர்ந்ததும் உயிர்த்தெழும் கொயில், ஆவி அடைப்பைப் போலவே நடித்து மெக்கானிக்குகளை ஏமாற்றும். இங்கே பழுதான கொயிலுக்குப் பதிலாக, உடைத்து விற்கும் யப்பான் வான் ஒன்றின் கொயிலைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் பல, இடையில் தனியாக ஒரு மின்தடை பொருத்தி ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை; அவற்றின் மின்தடை ஒன்றரை ஓம் அளவில் இருக்கும். மைனருக்கு வேண்டியது மூன்று ஓம் அளவுள்ள கொயில். ஒன்றரை ஓம் கொயிலை நேரடியாகப் பன்னிரண்டு வோல்ற்றில் மாட்டினால் காலையில் அருமையாக ஓடும். சூடேறியதும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், பொயின்ற்றையும் எரிக்கும். மின்தடை அளக்கும் மீற்றர் ஒன்றை வைத்துக் கொயிலின் இரண்டு சிறு முனைகளுக்கும் இடையில் அளந்தால் விடயம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்போதே பொயின்ற் இடைவெளியையும் பாருங்கள்: 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை. பிளக்குக்கு 0.6 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட.

இவ்வளவும் முடிந்த பின்னர்தான் மாங்குளம் சந்தி, அதாவது உண்மையான காபரேற்றர் வேலை. எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் சகோதரர்களின் பெயரால் வந்தது. சப்பாத்து வியாபாரக் குடும்பத்தவர்கள், அதனால்தானோ என்னவோ அவர்களது முதல் காபரேற்றர்களில் தோலாற்செய்த துருத்தி ஒன்று இருந்தது. அந்தத் துருத்தியின் இடத்தில் பின்னர் உலோகப் பிஸ்ரன் வந்தது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்ரன் மேலே எழும். அதன் அடியில் தொங்கும் கூர்ந்த ஊசி ஜெற்றிலிருந்து உயர்ந்து அதற்கேற்ற பெற்றோலை விடும். இங்கே கவனிக்க வேண்டியது, சந்தியில் நிற்கும்போதும், ஏ-9இல் பறக்கும்போதும் வேலை செய்வது அதே ஒரு ஜெற்தான் என்பது. யப்பான் காபரேற்றர்களில் பழகிய மெக்கானிக்குகள், எஞ்சின் சிலோவில் (அக்சிலேற்றரை மிதிக்காதபோதுள்ள மெல்லோட்டத்தில்) நிற்கவில்லை என்றால், சிலோ ஜெற் அடைத்திருக்கின்றது என்று கழற்றிக் கழுவுவார்கள். இதில் அப்படி ஒரு ஜெற் இல்லை. உங்கள் கார் வேகத்தில் நன்றாக இழுக்கின்றது என்றால் ஜெற் திறந்துதான் இருக்கின்றது. சிலோவில் நிற்காததற்குக் காரணம் வேறு.

முதலாவது காரணம், வழி மாறி நுழையும் காற்று. அக்சிலேற்றர் தகடு சுழலும் தண்டைக் காபரேற்றரின் வெளியே பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அறுபது ஆண்டு தேய்ந்த தண்டு ஆடத்தான் செய்யும். ஆடும் இடைவெளியால் நுழையும் காற்று வேகத்தில் ஒரு பொருட்டல்ல, சிலோவிலோ கலவையைக் குலைத்துவிடும். எஞ்சினைச் சிலோவில் ஓடவிட்டுத் தண்டின் இரு முனைகளிலும் தடித்த எண்ணெய் ஒரு துளி விடுங்கள். எஞ்சினின் சத்தம் அந்தக் கணத்தில் மாறினால் காற்று அங்கேதான் போகின்றது. புதிய தண்டு போட்டுப் பார்க்கலாம். துளையும் தேய்ந்திருந்தால் கடைசல் வேலை தெரிந்தவர் ஒருவரிடம் புஷ் (துளைக்குள் போடும் வளையம்) அடிக்க வேண்டும். கிற்றில் வரும் வோசர்களால் இந்தக் குறை தீராது. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் மெல்லிய வெற்றிடக் குழாயின் றப்பர் முனைகளும் வெடித்துப் போயிருக்கும், அவற்றையும் பாருங்கள். மனிபோல்ட் கஸ்கற் ஒழுகுகின்றதா என்பதை, ஒரு றப்பர் குழாயைக் காதில் வைத்து மறு முனையைப் பொருத்துகளின் வழியே கொண்டுசென்றால் கேட்கலாம்.

இரண்டாவது, பிஸ்ரன் ஒட்டிக்கொள்வது. எஞ்சினை நிறுத்தி, காற்றுப் பில்ரரைக் கழற்றி, மேல் மூடியை அதன் தண்டோடு எடுத்துவிட்டு, விரலால் பிஸ்ரனை மேலே தூக்கி விடுங்கள். அது தடையின்றி விழுந்து, அடியில் மோதும் தெளிவான டக் என்ற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லாமல் மெல்ல இறங்கினாலோ, நடுவில் நின்றாலோ, பிஸ்ரனில் அழுக்கு, அல்லது ஜெற் நடுவில் இல்லாமல் ஊசியை உரசுகின்றது. ஒவ்வொரு தரம் கழற்றும்போதும் இந்த நடுநிலை குலைய இடமிருக்கின்றது. மூன்று தரம் கழற்றிய உங்கள் காபரேற்றரில் இதை நான் மிகவும் சந்தேகிக்கிறேன். பிஸ்ரன் ஏறி இறங்கும் மேற்கூடும் பிஸ்ரனும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்ட சோடி. இன்னொரு காபரேற்றரின் கூட்டை இதற்கு மாட்டக்கூடாது, கழற்றுவதற்கு முன் அடையாளக் கோடு ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும், எந்த நிலையிலும் மணற்தாள் கொண்டு தேய்க்கக் கூடாது. பெற்றோலில் நனைத்த துணி போதும். மேல் மூடியைத் திறந்து விடும் எண்ணெய் மெல்லிய எஞ்சின் எண்ணெயாக இருக்கட்டும். மூடியைத் திரும்ப இறக்கும்போது, புரி தொடங்குவதற்குச் சற்று முன்னரே எண்ணெயின் எதிர்ப்பைக் கையில் உணர வேண்டும்.

மூன்றாவது மிதவை அறை. பிறேக் பிடிக்கும்போது மட்டும் அணைகின்றது என்று எழுதியிருப்பதால் இதை விட முடியாது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் பந்து வால்வு செய்யும் வேலையையே இங்கே மிதவையும் ஊசியும் செய்கின்றன. மட்டம் கூடினால், பிறேக் பிடித்து எண்ணெய் அலைமோதும்போது ஜெற் வழியாக வழியும். அடியில் தண்ணீரும் துருவும் இருந்தால் அதே அலை அவற்றைக் கிளப்பி ஜெற்றுக்குப் போகும் குழாயின் வாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூடியைக் கழற்றி மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே எண்ணெய் குலுங்கும் சத்தம் கேட்டால் அது ஓட்டை. மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். புதிய கிற்றோடு வந்த ஊசி வால்வின் இருக்கை சரியாக இறுக்கப்பட்டிருக்கின்றதா என்றும் பாருங்கள்.

கலவையைத் திருத்துவது கடைசி வேலை. வால்வு இடைவெளியை, குளிர்ந்த எஞ்சினில் 0.30 மில்லிமீற்றருக்கு வைத்த பின்னர்தான் அதைத் தொட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடும்போது, பிஸ்ரனைத் தூக்குவதற்கென்று காபரேற்றரில் உள்ள சிறு முளையால் அதை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடிய நிலையிலேயே நின்றால் கலவையில் பெற்றோல் அதிகம். ஜெற்றின் கீழுள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றுங்கள். உடனே அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு; நட்டைக் கீழே இறக்குங்கள். ஒரு தரத்துக்கு நட்டின் ஆறு பட்டைகளில் ஒரு பட்டை அளவுக்கு மேல் திருப்ப வேண்டாம். கணநேரம் மட்டும் சற்று ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் அதோடு கையை எடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் ஓடிய காரில் இந்த நட்டை நெடுந்தூரம் இறக்கி வைத்திருப்பார்கள். வழிதவறிவிட்டால் நட்டை முழுதாக மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்கலாம்.

அப்படியும் கலவை பிடிபடவில்லை என்றால் ஊசியைக் கழற்றி அதன் தடித்த முனையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். நல்ல வெளிச்சமும், பூதக்கண்ணாடியும் தேவைப்படும். உங்களுடைய 1098 சி.சி. எஞ்சினுக்குரிய வழமையான ஊசி ஏ.என்.; முந்திய 948 சி.சி. எஞ்சினுக்குரியது எம். வேறு எழுத்து இருந்தாலோ, எழுத்தே இல்லாமல் அரத்தால் தேய்த்த அடையாளம் இருந்தாலோ, அந்த ஊசி மண்ணெண்ணெய்க்காக மாற்றப்பட்டது என்று வைத்துக்கொண்டு புதிய ஊசியும் ஜெற்றும் சேர்த்தே வாங்குங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடுவதானால் பழைய ஊசி, ஜெற், அக்சிலேற்றர்த் தண்டு மூன்றையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். காரின் பெயரை மட்டும் சொன்னால், உங்கள் காரிலுள்ள எச்.எஸ்.2 வகைக் காபரேற்றருக்குரியதைக் கேட்ட உங்களுக்கு முந்திய எச்.2 வகைக்குரியதைச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள், இரண்டின் ஜெற் அமைப்பும் வேறு வேறு. யப்பான் காபரேற்றருக்கு முற்பணம் கொடுத்திருந்தால், தாங்கி மூடியையும் கொயிலையும் பார்த்து முடிக்கும் வரை மிகுதியைக் கொடுக்க வேண்டாம்.